மலடி என்று சொல்லுமுன்
(தோட்டத் தொழிலாளர் குடும்பநலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேச நாம் பலமுறை கூடியிருக்கிறோம். வீட்டைப் பற்றியும் பேசியிருக்கிறோம். இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது நாலு சுவருக்குள்ளேயே அழுது தீர்க்கப்படும் ஒரு துன்பம். திருமணமாகி இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்தும் பிள்ளையில்லை என்றால், அந்த வீட்டிலே நடப்பது என்ன? மாமியார் முகம் சுளிக்கிறார். நாத்தனார் ஜாடை பேசுகிறார். வளைகாப்பு வீட்டிலிருந்து அழைப்பு வருவதில்லை. மலடி என்ற ஒரே சொல்லைத் தலையிலே சுமத்தி, அந்தப் பெண்ணை வீட்டின் மூலையிலே உட்கார வைத்துவிடுகிறோம்.

மலடி என்ற சொல் எல்லார் வாயிலும் எளிதாக வருகிறது. மலடன் என்ற சொல்லை நம்மில் எத்தனை பேர் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறோம்? சொல் இல்லாமல் இல்லை. ஆணிடத்திலே குறையிருக்கக் கூடும் என்று எண்ணிப் பார்க்கத்தான் நமக்கு மனமில்லை. அந்த மனத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று விஞ்ஞானம் சொல்லுகிறது. அது சொல்லுவதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியிட்டது. ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் எப்போதாவது பிள்ளைப்பேறின்மையைச் சந்திக்கிறார் என்பது அந்தக் கணக்கு. அப்படிப்பட்ட தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. சிலரிடம் அது மட்டுமே காரணம். சிலரிடம் இருவர் பக்கத்திலும் காரணம். ஆகவே மனைவியை மட்டும் டாக்டரிடம் அனுப்பிவிட்டுக் கணவன் கடைத்தெருவிலே நிற்பது பாதி வேலையை விட்டுவிட்டு மீதியைச் செய்வது போன்றது.

ஆணுக்குச் செய்யும் முதற் சோதனை மிக எளியது. இரண்டு நாள் முதல் ஏழு நாள் வரை உடலுறவு இல்லாமல் இருந்து, விந்தை ஒரு சுத்தமான குப்பியிலே எடுத்துக் கொடுக்க வேண்டும். கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. ஒரு மில்லிலிட்டரில் 1 கோடியே 60 இலட்சம் விந்தணு என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டின் கீழ்வரம்பு. அதற்குக் குறைந்தால் பிள்ளை பிறக்காது என்பதல்ல. மேலும் பார்க்க வேண்டும் என்பதே பொருள். விந்தணு உருவாக இரண்டு மாதத்துக்கு மேல் ஆவதால், கடுங்காய்ச்சல் வந்து போனவருக்கு எண்ணிக்கை சிலகாலம் தாழ்ந்திருக்கும். ஆகவே ஒரு சோதனையோடு நிறுத்தாமல், இடைவெளி விட்டு இன்னொரு முறையும் பார்ப்பார்கள்.

"நமக்கு என்ன குறை? மீசை இருக்கிறது, உடம்பிலே பலம் இருக்கிறது, தாம்பத்தியத்திலும் குறைவில்லை" என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மீசையும் பலமும் ஆசையும் தருவது ஆண் ஹார்மோன். பிள்ளையைத் தருவது விந்தணு. விரையிலே இவ்விரண்டையும் செய்யும் பகுதிகள் வெவ்வேறு. ஒன்று நன்றாக இருக்க, மற்றொன்று கெட்டிருக்கலாம். ஆண்களில் நூற்றுக்கு ஒருவரிடம் விந்திலே ஒரு விந்தணுகூட இல்லை. பார்வைக்கு அவர்களும் மற்றவர்களைப் போலத்தான் இருக்கிறார்கள்.

விந்தணுவே இல்லை என்று காகிதத்தில் எழுதிவிட்டால், அதோடு கதை முடிந்ததா? இல்லை. பால்மரத்தின் அடியிலே மங்கு காலியாக இருந்தால் அனுபவமுள்ள தொழிலாளி என்ன கேட்பார்? மரத்திலே பால் சுரக்கவில்லையா, அல்லது சுரந்த பால் மங்குக்கு வந்து சேரவில்லையா என்று கேட்பார். டாக்டர் கேட்பதும் அதுவே. விரையிலே விந்தணு உருவாகவில்லையா, அல்லது உருவான விந்தணு வெளியே வர வழியில்லையா? விரையின் அளவைப் பார்ப்பார். குழாயைத் தொட்டுப் பார்ப்பார். இரத்தத்திலே ஹார்மோனை அளப்பார். அதன் பிறகு, காரணம் பிறவியிலேயே இருக்கிறதா என்று அறிய இரத்தத்தில் மரபுச் சோதனை செய்யச் சொல்லுவார். சில துளி இரத்தம் சொல்லும் செய்தி ஒரு குடும்பத்தின் போக்கையே மாற்றக்கூடியது.

மரபுச் சோதனைகளில் முதலாவது, குரோமோசோம்களை எண்ணிப் பார்ப்பது. நம் உடம்பின் ஒவ்வோர் அணுவிலும், பெற்றோரிடமிருந்து வந்த குணங்களைத் தாங்கிய நூலிழைகள் இருக்கின்றன. அவற்றின் எண்ணிக்கை 46 என்பதை 1956-இல் சுவீடனிலிருந்து வெளியிட்ட இருவரில் ஒருவர் ஜோ ஹின் ஜியோ. அவர் நம் பக்கத்து ஜாவாத் தீவிலே பிறந்தவர்; செடிகொடிகளின் இனவிருத்தியைப் படித்து, அதன் வழியே மனிதனின் அணுவுக்கு வந்தவர். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். இதுதான் ஆண் பெண் என்ற வேறுபாட்டின் அடிப்படை.

சில ஆண்களுக்கு ஓர் எக்ஸ் கூடுதலாக வந்துவிடுகிறது. 46-க்குப் பதிலாக 47. இந்த நிலையின் அடையாளங்களை 1942-இல் அமெரிக்க டாக்டர் கிளைன்ஃபெல்டர் எழுதினார். அதற்குக் காரணம் கூடுதலான எக்ஸ் என்பதை 1959-இல் எடின்பரோவில் பாட்ரிஷியா ஜேக்கப்ஸ் அம்மையாரும் ஜான் ஸ்ட்ராங்கும் கண்டார்கள். ஏறக்குறைய 600 ஆண்களில் ஒருவருக்கு இது உண்டு. பெரும்பாலோர் தமக்கு இருப்பதை அறியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். உயரமாக இருப்பார்கள், விரை சிறுத்திருக்கும், மற்றபடி வேலை செய்வார்கள், மணம் செய்வார்கள். பிள்ளையில்லை என்று சோதிக்கும்போதுதான் தெரிய வருகிறது.

தெரிந்து என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. இத்தகையவரின் விரையிலே அங்கொன்றும் இங்கொன்றுமாக விந்தணு உருவாகும் இடங்கள் இருக்கக்கூடும். நுண்பெருக்காடி வைத்துத் தேடி எடுக்கும் அறுவைச் சிகிச்சையில், பத்துப் பேரில் ஏறத்தாழ நான்கு பேரிடம் விந்தணு கிடைக்கிறது. 1992-இல் பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸெல்ஸ் டாக்டர்கள் அறிவித்த முறையில், ஒரே ஒரு விந்தணுவை மெல்லிய கண்ணாடி ஊசியால் முட்டைக்குள் செலுத்திக் கருவை உண்டாக்குகிறார்கள். இன்னொரு பயன் அவருடைய சொந்த உடல்நலத்துக்கு. எலும்பு மெலிதல், சர்க்கரை நோய் ஆகியவை இவருக்கு வரும் வாய்ப்பு அதிகமாதலால், முன்கூட்டியே கவனிக்கலாம்.

இதே குரோமோசோம் சோதனை இன்னொன்றையும் காட்டும். சிலரிடம் எண்ணிக்கை சரியாக இருக்கும். ஆனால் இரண்டு குரோமோசோம்கள் துண்டுபட்டு இடம் மாறி ஒட்டியிருக்கும். அவருக்கு நோய் எதுவும் இல்லை. விந்தணு உருவாகும்போது மட்டும் பங்கீடு சில சமயம் தவறிவிடும். விளைவு, மனைவிக்குக் கருத் தரிக்கும். இரண்டு மூன்று மாதத்தில் கலைந்துபோகும். மறுபடியும் தரிக்கும், மறுபடியும் கலையும். "வயிற்றில் தங்கவில்லை" என்று பழி அவள்மேல் விழுகிறது. காரணம் கணவனின் இரத்தத்தில் இருக்கலாம். மனைவியின் இரத்தத்திலும் இருக்கலாம். இருவரையும் சோதிக்காமல் ஒருவரைக் குறை சொல்லுவது நீதியல்ல.

இரண்டாவது சோதனை, ஒய் குரோமோசோமைப் பற்றியது. 1976-இல் இத்தாலியைச் சேர்ந்த டியெப்போலோவும் சுஃபார்டியும், விந்தணு இல்லாத ஆறு ஆண்களிடம் ஒய் குரோமோசோமின் ஒரு பகுதி அறுந்துபோயிருப்பதைக் கண்டார்கள். விந்தணுவை உண்டாக்கும் கட்டளை அந்தப் பகுதியிலே எழுதப்பட்டிருக்கிறது என்றார்கள். பின்னாளில் அது ஏ, பி, சி என்று மூன்று பகுதிகளாகப் பிரித்து அறியப்பட்டது. நுண்பெருக்காடிக்கே தெரியாத சிறு துண்டு விட்டுப்போயிருந்தாலும் இன்றைய இரத்தச் சோதனை காட்டிவிடும்.

எந்தத் துண்டு விட்டுப்போனது என்பதில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. சி பகுதி மட்டும் இல்லையென்றால் நம்பிக்கை உண்டு. சிலருக்கு விந்திலேயே சொற்ப விந்தணு இருக்கும். மற்றவர்களிலும் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அறுவையின் மூலம் கிடைக்கிறது. ஆனால் ஏ பகுதியோ பி பகுதியோ முழுவதும் இல்லையென்றால், எத்தனை முறை கத்தி வைத்தாலும் விந்தணு கிடைக்கும் என்ற நம்பிக்கை அநேகமாக இல்லை. அத்தகையவருக்கு அறுவை வேண்டாம் என்பதே உலகெங்கும் டாக்டர்களின் வழிகாட்டுதல். எண்ணிப் பாருங்கள், தோழர்களே! இந்தச் சோதனையைச் செய்யாமல் அறுவைக்குப் போகிறவர், மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்து, கிடைக்காத ஒன்றைத் தேடிக் கத்திக்கு உடம்பைக் கொடுக்கிறார். சோதனைக்குச் செலவாகும் பணம், அறுவைக்கும் செயற்கைக் கருத்தரிப்புக்கும் ஆகும் பணத்திலே சிறு பங்கு. முதலில் செய்ய வேண்டியதை முதலில் செய்தால், பணமும் மிஞ்சும், உடம்பும் மிஞ்சும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒட்டுக் கட்டிய மரத்தை நாம் அறிவோம். தாய் மரத்தின் குணம் அப்படியே ஒட்டுமரத்துக்கு வருகிறது. ஒய் குரோமோசோமும் அநேகமாக அப்படித்தான், தகப்பனிடமிருந்து மகனுக்கு மாறாமல் போகிறது. ஆகவே சி பகுதி இல்லாதவர் சிகிச்சையால் ஆண் குழந்தை பெற்றால், அந்தக் குழந்தைக்கும் அதே குறை வரும். பெண் குழந்தைக்கு ஒய் இல்லையாதலால் அந்தக் குறை இல்லை. மகன் ஆரோக்கியமாக வளர்வான். ஆனால் நாளை அவனும் இதே வாசற்படியில் வந்து நிற்க நேரலாம். வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர்கள் கணவனும் மனைவியும்தான். டாக்டரும் அல்ல, மாமியாரும் அல்ல. தெரிந்து முடிவு செய்யவே சோதனை.

மூன்றாவது, வழியடைப்பு. விரையிலே விந்தணு நன்றாக உருவாகிறது. ஆனால் அதை வெளியே கொண்டுவரும் குழாய் இருபுறமும் பிறவியிலேயே இல்லை. மரத்திலே பால் உண்டு, மங்குக்கு வர வழி இல்லை. இத்தகையவரில் பெரும்பாலோரிடம், 1989-இல் கண்டறியப்பட்ட சி.எஃப்.டி.ஆர். என்ற மரபணுவில் மாறுதல் இருக்கிறது. நுரையீரலைத் தாக்கும் கொடிய பிறவி நோய் ஒன்றுக்கும் அதே மரபணுதான் காரணம். இவருக்கு ஊசி வைத்தே விந்தணுவை எடுத்துவிடலாம். வெற்றி வாய்ப்பு மிக அதிகம். ஆனால் அதற்கு முன் மனைவியையும் சோதிக்க வேண்டும். நோய் தரும் மாறுதல் இருவரிடமும் ஒவ்வொன்று இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு அந்த நோய் குழந்தைக்கு வரக்கூடும். ஒரு விஷயத்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய சோதனைப் பட்டியல்கள் ஐரோப்பியரிடம் காணப்படும் மாறுதல்களை வைத்துச் செய்யப்பட்டவை. நம் இனத்தவரிடம் உள்ளவை அதிலே அகப்படாமல் போகலாம். ஆகவே முழு மரபணுவையும் பார்க்கும் சோதனை தேவையா என்று கேட்பது நம் உரிமை.

நான்காவது வகையைக் கேட்டால் வியப்பாயிருக்கும். சில இளைஞர்களுக்குப் பருவ வயது வந்தும் மீசை அரும்பாது; குரல் உடையாது; அவர்களில் சிலருக்கு மல்லிகைப் பூவின் வாசனையும் தெரியாது, கருவாட்டின் வாடையும் தெரியாது. மூளையிலிருந்து விரைக்கு வரவேண்டிய ஆணை வராததே காரணம். சில மரபணுக்களின் குறையால் வரும் இந்த நிலை, ஆண்மைக் குறைகளிலே மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படுவது. தகுந்த ஹார்மோன் ஊசிகளைப் பல மாதங்கள் போட்டால், பெரும்பாலோருக்கு விந்தணு உண்டாகிறது; இயற்கையாகவே தகப்பனானவர்கள் உண்டு. கண்டுபிடிக்காமல் விட்டால், வாழ்நாள் முழுதும் ஏளனந்தான் மிச்சம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, மரபுச் சோதனை எல்லாவற்றையும் காட்டும் என்று சொன்னால் அது பொய்யாகும். விந்தணுக் குறைவுள்ள பலரிடம் இச்சோதனைகள் எந்தக் காரணத்தையும் காட்டுவதில்லை. எல்லோருக்கும் இவை தேவையும் இல்லை. ஒரு மில்லிலிட்டரில் 50 இலட்சத்துக்கும் குறைவானவர்க்கு குரோமோசோம் சோதனை. 10 இலட்சத்துக்கும் குறைந்தால் ஒய் சோதனை அவசியம். குழாய் இல்லாதவர்க்கு சி.எஃப்.டி.ஆர். சோதனை. விரையைச் சுற்றிய நரம்புப் புடைப்பு, பருவ வயதுக்குப் பின் பொன்னுக்கு வீங்கி வந்து விரை வீங்கியது, குழந்தையில் விரை இறங்காமல் இருந்தது, புகைப் பழக்கம் ஆகியவற்றையும் டாக்டர் கேட்பார். நரம்புப் புடைப்புக்கு அறுவை உண்டு.

தொழிலாளர்களாகிய நாம் மறக்கக்கூடாத இன்னொரு கேள்வியும் உண்டு: "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" 1977-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டி.பி.சி.பி. என்ற பூச்சிமருந்தைத் தயாரித்த தொழிற்சாலைத் தொழிலாளர்கள், தங்களில் பலருக்குப் பிள்ளை பிறக்கவில்லையே என்று தமக்குள் பேசிக்கொண்டார்கள். சோதித்தபோது பலருக்கு விந்தணு மிகக் குறைந்தோ இல்லாமலோ இருந்தது. அதிக காலம் வேலை செய்தவருக்கு அதிகக் கேடு. மத்திய அமெரிக்காவின் வாழைத் தோட்டங்களிலும் அதே மருந்து தொழிலாளர்களை மலடாக்கியது. 1979-இல் அமெரிக்கா அதன் உபயோகத்தை ஏறக்குறைய முழுவதும் நிறுத்தியது. ஆகவே மருந்து தெளிக்கும் தோழர்கள், தாம் கையாளும் மருந்தின் பெயரையும் எத்தனை ஆண்டு கையாண்டார்கள் என்பதையும் டாக்டரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். குறை பிறவியில் வந்ததா, வேலையில் வந்ததா என்று பிரித்தறிய மரபுச் சோதனை உதவும். வேலையில் வந்ததைப் "பிறவிக் குறை" என்று எவரும் தள்ளிவிடக் கூடாது. பிறவியில் வந்ததற்கு வேலையைக் குற்றம் சொல்லவும் வேண்டாம். உண்மை இரு பக்கத்துக்கும் பொது.

இனி, செய்ய வேண்டியது என்ன? சேர்ந்து வாழ்ந்து ஓராண்டு ஆகியும் கருத் தரிக்கவில்லையென்றால், மனைவிக்கு 35 வயது ஆகியிருந்தால் ஆறே மாதத்தில், இருவரும் சேர்ந்தே டாக்டரிடம் செல்லுங்கள். பெண்ணின் முட்டைக்கு வயது ஏறுகிறது. கணவன் வெட்கப்பட்டுத் தள்ளிப்போடும் ஒவ்வோராண்டும் அவளுடைய ஆண்டு. மலேசியாவில் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் மருந்தகங்கள் பிள்ளைப்பேறின்மைக்கு ஆலோசனையும் சிகிச்சையும் தருகின்றன. செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சைக்கு ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கும் வசதி 2020-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. நிபந்தனைகளைச் சேமநிதி அலுவலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. "ஆண்மை பெருகும்" என்று ஆண் ஹார்மோன் ஊசியும் மாத்திரையும் விற்கிறார்கள். உடற்பயிற்சிக் கூடங்களிலும் கிடைக்கிறது. வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வந்தால், மூளை விரைக்கு அனுப்பும் ஆணையை நிறுத்திவிடும். விந்தணு குறைந்து, அடியோடு நின்றும் போகலாம். பிள்ளை வேண்டுமென்று அதைப் போட்டுக்கொள்ளுவது, பால் வேண்டுமென்று மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்குச் சமம்.

சோதனையின் முடிவு உங்களுடையது. அதை உங்களுக்கு விளங்கும் மொழியில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். காகிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வேலை கொடுப்பவரோ உறவினரோ அதைக் கேட்டுப் பெற வேண்டியதில்லை.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் குறைகள் பாவத்தின் சம்பளமும் அல்ல, மருமகள் வந்த நேரமும் அல்ல. கூடுதலான எக்ஸ், தாயிடமிருந்தும் வரலாம், தகப்பனிடமிருந்தும் வரலாம், ஏறக்குறையச் சரிபாதி. ஒய் துண்டு விட்டுப்போனவர்களில் பெரும்பாலோருடைய தகப்பனாரின் ஒய் முழுமையாகவே இருக்கிறது. மகன் கருவாகும்போது புதிதாக நேர்ந்த தவறு அது. ஆகவே குலத்தைப் பழிக்கவும் இடமில்லை, தாயைப் பழிக்கவும் இடமில்லை. அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த கதையை நாம் பெண்ணைக் கேலி செய்யச் சொல்லுகிறோம். கணவனைச் சோதிக்காமல் மனைவியை ஆண்டுக்கணக்காகச் சுற்றவிட்டது யார் என்று யாரும் கேட்பதில்லை.

சோதனை சில வீடுகளுக்குப் பிள்ளையைத் தரும். சில வீடுகளுக்கு, இனி அலைய வேண்டாம் என்ற உறுதியைத் தரும். அவர்கள் தத்தெடுக்கலாம், அல்லது இருவராகவே மகிழ்ந்து வாழலாம். அதுவும் குறைவற்ற குடும்பமே. எல்லா வீடுகளுக்கும் அது தரக்கூடியது ஒன்று உண்டு: ஒருத்தியின் தலைமேல் சுமத்திய பழியை இறக்கி வைக்கும் உண்மை. இரண்டாம் கலியாணத்துக்குப் பெண் தேடிப் புறப்படும் முன், தாய்மார்களே, முதலில் மகனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். கணவன்மாரே, யாரும் அழைக்கும்வரை காத்திராமல் நீங்களே புறப்படுங்கள்.